இருபத்துநான்கு மணிக்கட்டுகள்

ஊத்துமேட்டுக்குக் குடிநீர்க் குழாய் வராததற்குக் காரணம் லோகேஷ்தான் என்று ஊர் கண்டுபிடித்தது ஒரு வியாழக்கிழமை மாலையில். அவர் செய்த குற்றம், சந்தோஷமாக இருந்தது.

லோகேஷுக்கு அறுபத்தொரு வயது. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். பேருந்துகள் தாமாகவே ஓடவும் தாமாகவே மணி பார்க்கவும் கற்றுக்கொண்ட பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. "முப்பது வருஷமா பஸ் லேட்டுன்னு என்னைத் திட்டினாங்க. இனிமே நேரா பஸ்ஸையே திட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அரசாங்கம் மனு வாங்குவதை நிறுத்தி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. மனுவில் எல்லோரும் மிகைப்படுத்துகிறார்கள், கருத்துக்கணிப்பில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், மணிக்கட்டு மட்டும்தான் பொய் சொல்லாது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அதனால் மனநிறைவுத் துறை என்று ஒன்று வந்தது. அது தரும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டால் நாடி, வியர்வை, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் பார்த்து, நூற்றுக்கு இத்தனை நிறைவு என்று நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருக்கும். எல்லோர் கையிலும் கட்டக்கூடாது, அது அந்தரங்கத்தில் தலையிடுவது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஊருக்குச் சிலரைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ஊத்துமேட்டின் ஒன்பதாயிரம் பேரில் இருபத்துநான்கு பேர். லோகேஷ் அதில் ஒருவர். சீட்டு விழுந்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

ஒரு ஊரின் நிறைவு அறுபதுக்குக் கீழே இருப்பது உறுதியானால் திட்டத்துக்குப் பணம் வரும். உறுதி என்ற சொல்லில்தான் சிக்கல். பேரூராட்சி வாசலில் இருந்த பலகையில் மாதாமாதம் ஒரே ஒரு எண் வராது, இரண்டு எண் வரும். ஊத்துமேடு: 42 முதல் 62 வரை. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். மேல் எண்ணும் அறுபதுக்குக் கீழே இறங்க வேண்டும். அது நாலு வருடமாக அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று என்று கோட்டுக்கு மேலேயே நின்று வேடிக்கை காட்டியது. ஊர் நாலு வருடமாக இரண்டு கிலோமீட்டர் நடந்து, புறவழிச்சாலை ஓரத்தில் இருந்த சுத்திகரிப்பு நிலையத்தில் விடிகாலை ஐந்து மணிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றது.

அந்த வியாழக்கிழமை, பேரூராட்சித் தலைவர் தமிழினி பலகையின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, விதைக்கடை வைத்திருப்பவர், எதையும் தன் கையால் ஒரு முறை எண்ணிப் பார்க்காமல் நம்பாதவர். பலகையில் ஆளுக்கு ஒன்றாக, நாள்தோறும் நகரும் இருபத்துநான்கு புள்ளிகள் இருந்தன. பேர் போடுவதில்லை. கீழே இருபத்துமூன்று புள்ளிகள் சிதறிக் கிடந்தன. மேலே, வெகு மேலே, தொண்ணூற்றேழில் ஒரு புள்ளி தனியாக உட்கார்ந்திருந்தது.

பேர் போட வேண்டிய அவசியமே இல்லை. தமிழினி அந்த ஒரு புள்ளியை நீக்கிவிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். மேல் எண் 59.7 என்று கைப்பேசி சொன்னது.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. லோகேஷுக்குச் சொல்லவில்லை. அவர் மனைவி ஷர்மிளாவுக்குச் சொன்னார்கள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அறுபத்தஞ்சுக்குக் கீழ கொண்டுவந்தாப் போதும் அண்ணி" என்றார் தமிழினி. "ஒரே ஒரு மாசம். அண்ணன் மனசு கொஞ்சம் சுணங்கணும், அவ்வளவுதான்."

"தாராளமா முயற்சி பண்ணுங்க" என்றார் ஷர்மிளா. "நான் முப்பத்தஞ்சு வருஷமா பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

முதலில் டீக்கடை ரித்திஷ் ஆரம்பித்தான். லோகேஷுக்கு மட்டும் சர்க்கரை போடாமல் கொடுத்தான். லோகேஷ் ஒரு வாய் குடித்துவிட்டு, "இத்தனை நாள் சர்க்கரையைத்தான் குடிச்சிருக்கேன் மாப்ளே, இன்னிக்குத்தான் டீயைக் குடிக்கிறேன்" என்றார். அடுத்த நாள் டீயை ஆறவைத்துக் கொடுத்தான். வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவரைத் தாண்டிப் போய் முன்னால் நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாம் என்று அவருக்கு ஏக மகிழ்ச்சி. அவருடைய தள்ளுவண்டிச் சக்கரத்தை யாரோ கழற்றி இரண்டு நாள் ஒளித்துவைத்தார்கள். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்து, பள்ளிக்கூட நாளில் தோளில் பையைப் போட்டுக்கொண்டு ஓடியதை வழியெல்லாம் சொன்னார்.

பலகையில் புள்ளி தொண்ணூற்றேழில் அசையாமல் நின்றது. வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் அந்தப் புள்ளி நூறையே தொட்டுவிட்டு வந்தது. தண்ணீருக்காக நிற்கும் இடத்தில் இந்த ஊருக்கு இத்தனை சந்தோஷமா என்று தலைநகரத்துக் கணினி ஆச்சரியப்பட்டிருக்கும்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது ஷர்மிளாதான். "பேசாதீங்க" என்றார். "யாரும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க. வேற எதுக்கும் அசைய மாட்டார்." சொல்லிவிட்டு அன்று இரவு அவரே சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரிசை வாய் திறக்கவில்லை. லோகேஷ் காலை வணக்கம் சொன்னார். யாரும் திரும்பவில்லை. யாருடைய பெண்ணுக்கோ வேலை கிடைத்ததைப் பற்றிக் கேட்டார். அந்த யாரோ குடத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் தொண்ணூற்றொன்று. மூன்றாம் நாள் எண்பது. ஆறாம் நாள் அறுபத்தெட்டு. பேரூராட்சி வாசலில் ஒருவருக்கொருவர் கண்ணால் பேசிக்கொண்டார்கள். இன்னும் மூன்றே புள்ளிதான்.

ஏழாம் நாள் நஸ்ரின் வந்து இறங்கினாள்.

நஸ்ரின் துறையின் மாவட்ட அலுவலகத்தில் புள்ளியியல் அலுவலர். இருபத்தொன்பது வயது. தொண்ணூற்றேழு திடீரென்று அறுபத்தெட்டானால் பட்டை பழுதாகியிருக்கும் என்று கணினி எழுதி அனுப்பியிருந்தது. அவள் முதல் பேருந்தில் வந்து நேராகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே போனாள். அறுபது பேர் நின்ற வரிசையில் ஒரு சத்தம் இல்லை. நடுவில் ஒரு பெரியவர் மட்டும் தன் குடங்களிடம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பட்டையைக் கழற்றிப் பார்த்தாள். நன்றாக வேலை செய்தது.

"ஊர்ல ஏதாவது துக்கமா?" என்று பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கேட்டாள்.

"இல்லம்மா, திட்டம்" என்றார் தமிழினி.

ரித்திஷின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தமிழினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறைத்துப் பழக்கமில்லாதவர். அவர் சொல்லி முடிக்கும்போதுதான் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு லோகேஷ் பின்னால் வந்து நிற்பதைக் கவனித்தார்.

"அப்ப நான்தானா?" என்றார் லோகேஷ்.

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா நானே முயற்சி பண்ணியிருப்பேனே" என்றார். பிறகு நஸ்ரின் பக்கம் கையை நீட்டினார். "இதை எடுத்துடுங்கம்மா. என்னால ஊருக்கு வர்ற தண்ணி நிக்கக் கூடாது."

"எடுக்க முடியாது ஐயா."

"எனக்குச் சம்மதம்தானே?"

"உங்க சம்மதம் இல்ல விஷயம். இருபத்துநாலு பேரைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். ஊர்ல நாங்க பார்க்காத மிச்சப் பேருக்கு இவங்கதான் அடையாளம். சந்தோஷமா இருக்கார்னு ஒருத்தரைத் தூக்கிட்டா, அப்புறம் அது ஊரோட கணக்கே இல்ல, நமக்குப் பிடிச்ச கணக்கு. உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் ஊர்ல இருக்கலாம்."

"இவரை மாதிரி யாரும் இல்ல" என்றார் தமிழினி.

"அது எப்படித் தெரியும்? நீங்க இருபத்துநாலு பேரைத்தானே பார்த்தீங்க?"

தமிழினிக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை, ஆனால் பேச்சு பிடித்திருந்தது. "சரி, அந்த ரெண்டு எண் எதுக்கு? ஒரே எண்ணா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஒரே எண்ணாச் சொன்னா அது கண்டிப்பாத் தப்பாயிருக்கும் அக்கா. அதனால வலை வீசுறோம். இந்த ஊர்ல இதே மாதிரி நூறு தடவை சீட்டுப் போட்டு, நூறு தடவை வலை வீசினா, தொண்ணூத்தஞ்சு தடவை நிஜமான எண் வலைக்குள்ள இருக்கும்."

"மிச்சம் அஞ்சு தடவை?"

"தப்பிச்சிடும்."

"இந்தத் தடவை தப்பிச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

தமிழினி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அரசாங்கத்துல ஒருத்தர் தெரியாதுன்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்."

நஸ்ரின் சிரித்துவிட்டு டீக்கிளாஸ் வைத்திருந்த மேசையில் விரலால் ஈரக்கோடு இழுத்தாள். "உங்க வலை ரொம்ப அகலம். இருபது புள்ளி அகலம். அதனாலதான் மேல் முனை அறுபதைத் தாண்டிப் போய் நிக்குது. ஆளுங்க கொஞ்சமா இருந்தா வலை அகலமாத்தான் இருக்கும். இவர் தனியா மேல நிக்கிறதால இன்னும் கொஞ்சம் அகலம்."

"சின்ன ஊர்தானே, இருபத்துநாலு போதும்னு உங்க ஆபீஸ்லதானே சொன்னாங்க?"

"சொன்னாங்க. குண்டா இருக்கிறவருக்கு ரத்தம் டெஸ்ட் பண்ண ரெண்டு பாட்டில் எடுக்கிறாங்களா? ஒல்லியா இருக்கிறவருக்குக் கால் சொட்டா? எல்லாருக்கும் ஒரே அளவு ஊசிதான். ஒன்பதாயிரம் பேர் இருக்கிற ஊரா இருந்தாலும் ஒன்பது லட்சம் பேர் இருக்கிற ஊரா இருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் வேணும்."

ரித்திஷ் அதுவரை பாலைக் கிளறிக்கொண்டே இருந்தான். இப்போது கரண்டியைக் கீழே வைத்தான்.

"கணக்கெல்லாம் இருக்கட்டும் மேடம். இவரு வரிசையில நின்னு நாலு வருஷமா சிரிச்சுக்கிட்டே இருக்காரு. என் சம்சாரம் யாழினி அந்த வரிசையிலதான் விழுந்தா. ஏழு மாசம். பிள்ளை தங்கல." அவன் லோகேஷைப் பார்க்காமல் சொன்னான். "நான் சர்க்கரை போடாம குடுத்தது விளையாட்டுக்கு இல்ல."

லோகேஷ் கையில் இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று யாழினியைத் தன் தள்ளுவண்டியில் படுக்கவைத்து மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு ஓடியது அவர்தான். அதை அவரும் சொல்லவில்லை, ரித்திஷும் சொல்லவில்லை.

"என்னைக்கு?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"மார்ச் ஒன்பது."

அவள் பையிலிருந்து கைக்கணினியை எடுத்துத் தேடினாள். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் புள்ளி எதுன்னு நான் சொல்லக் கூடாது" என்றாள். "அன்னிக்கு எது ரொம்ப அடியில இருந்துச்சுன்னு சொல்லலாம். ஒரு புள்ளி. காலை ஆறே காலுக்கு நாலுக்கு இறங்கியிருக்கு. நூத்துக்கு நாலு. மறுநாள் விடியற வரைக்கும் நாலுதான். தூங்கவே இல்ல. இந்த ஊர்ல இத்தனை வருஷத்துல யாரும் அவ்வளவு கீழ போனதில்ல." அவள் கைக்கணினியை மூடினாள். "மாசச் சராசரி எடுக்கும்போது ஒரு நாள் காணாமப் போயிடும். அந்தப் புள்ளி மத்த நாள்ல எங்க இருக்கும்னு நீங்களே பார்த்திருக்கீங்க."

ரித்திஷ் வந்து லோகேஷின் கையில் இருந்த கிளாஸை வாங்கி, அதைக் கொட்டிவிட்டு, புதிதாக ஒன்று போட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான்.

லோகேஷ் குடித்தார். "போன வாரம் போட்டதும் நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே" என்றார்.

ரித்திஷ் உள்ளே போய்ப் பாலைப் பார்த்தான். பால் பொங்கவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நஸ்ரின் அன்று மதியமே தன் இயக்குநரோடு தொலைபேசியில் பேசினாள். இயக்குநர் கெட்டவர் இல்லை. தன் துறையில் எல்லாம் சரியாக நடக்கிறது என்ற நம்பிக்கையில் நிம்மதியாக இருப்பவர், அந்த நிம்மதிக்கு இடைஞ்சலாக எது வந்தாலும் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்.

"ஊத்துமேட்டுக்கு எத்தனை பேர் வேணும்கிறீங்க?"

"தொண்ணூத்தாறு சார்."

"நாலு மடங்கா? வலையைப் பாதியாக்கத்தானே கேட்டீங்க, ரெண்டு மடங்கு போதாது?"

"அகலத்தைப் பாதியாக்கணும்னா ஆள் நாலு மடங்கு வேணும் சார். அது நாம வெச்ச விதி இல்ல."

"பட்டை இல்லையேம்மா. ஒரு சின்ன ஊருக்கு இருபத்துநாலுன்னு அரசாணையே இருக்கு."

"சின்ன ஊர்னு நாம இருபத்துநாலு குடுத்திருக்கிற முந்நூத்திப் பத்து ஊர்ல, இந்த ஆறு வருஷத்துல எத்தனை ஊருக்கு உதவி போயிருக்கு சார்?"

அவர் தேடிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல" என்றார். "அதாவது, எந்த ஊரும் அறுபதுக்குக் கீழ உறுதியாகல."

"முந்நூத்திப் பத்து ஊர்ல ஒண்ணுல கூடக் கஷ்டம் இல்லையா? இல்ல நம்ம வலைதான் அவ்வளவு அகலமா?"

மறுமுனையில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அவர் அலுவலகத்தில் குழாய் உண்டு.

"அரசாணையில இருபத்துநாலு பட்டைன்னுதான் இருக்கு சார்" என்றாள் நஸ்ரின். "இருபத்துநாலு மணிக்கட்டுன்னு இல்ல. அதே பட்டையை வாரத்துக்கு ஒருத்தரா நாலு பேர் கையில கட்டலாம். நாலு வாரத்துல தொண்ணூத்தாறு பேர். ஒரு பைசா செலவில்ல."

"அந்தத் தொண்ணூத்தேழு ஆள்?" என்றார் இயக்குநர்.

"அவரும் இருப்பார்."

"அப்ப செய்யுங்க. அடுத்த வாரம் கையெழுத்துப் போடறேன்" என்றவர், என்ன தோன்றியதோ, அன்று மாலையே போட்டுவிட்டார்.

தமிழினியிடம் ஒரு காகிதம் தயாராக இருந்தது. ஊரிலேயே அதிகமாகப் புலம்புகிற எழுபத்திரண்டு பேரின் பட்டியல், தெருவாரியாக. நஸ்ரின் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சீட்டுப் போட்டாள். தமிழினி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பெயருக்கும் பெருமூச்சு விட்டார். இன்னொன்றும் நஸ்ரின் கண்டிப்பாகச் சொன்னாள். முதல் வாரம் பழைய இருபத்துநான்கு பேர், அந்த வாரம் லோகேஷிடம் எல்லோரும் வழக்கம்போலப் பேச வேண்டும்.

"பேசினா ஏறிடுவாரேம்மா."

"ஏறட்டும் அக்கா. ஊர் உண்மையில எப்படி இருக்குதோ அப்படி இருக்கணும்."

ஒரு ஊரே தன் கஷ்டத்தை ஒரு கணக்கை நம்பி ஒப்படைப்பது சுலபமில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் திங்கட்கிழமை விடிகாலையில் வரிசையில் முதலில் வாயைத் திறந்தது யாழினி. வேலை கிடைத்த அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு என்று லோகேஷிடம் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு வாரச் செய்தி பாக்கி இருந்தது. எட்டரை மணி வரை பேசினார்.

மூன்றாம் வாரத்தில் சீட்டு தமிழினிக்கே விழுந்தது. ஊருக்காக இவ்வளவு அலைகிற தன் எண் என்னவாக இருக்கும் என்று வாரக் கடைசியில் ஆசையாகப் பார்த்தார். எண்பத்தொன்று. பட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பதினெட்டு. அப்படியே பிடித்துக் கணவரிடம் காட்டினார். அவர் நம்பவில்லை.

நாலு வாரம் முடிந்தது. தொண்ணூற்றாறு புள்ளிகளில் மூன்று புள்ளிகள் தொண்ணூறுக்கு மேலே இருந்தன. லோகேஷை மாதிரி இன்னும் இரண்டு பேர் ஊரில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் இருபது, முப்பது என்று கீழே கிடந்த புள்ளிகள் ஏராளம். பலகையில் எண் வந்தது. ஊத்துமேடு: 48 முதல் 58 வரை.

யாரும் கத்தவில்லை. தமிழினி பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ரித்திஷ் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான்.

பதினோரு மாதத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது.

அதற்குப் பிறகு நஸ்ரின் ஊத்துமேட்டுக்கு வர வேண்டிய தேவை இருக்கவில்லை. முந்நூற்றுப் பத்து ஊர்களிலும் பட்டைகளைக் கை மாற்றிக் கட்டும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. ஊத்துமேட்டின் எண்கள் திரையில் வந்து போகும். 74 முதல் 82 வரை. நல்ல எண்கள், குறுகலான வலை. பச்சை நிறத்தில் வந்ததால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நஸ்ரின் ஒரு நாள் திறந்து பார்த்தாள். புள்ளிகள் எல்லாம் மேலே நெருக்கமாக இருந்தன. கீழே நாற்பத்தாறில் ஒரு புள்ளி தனியாகக் கிடந்தது.

தண்ணீர் வீட்டுக்கு வந்துவிட்டதால் வரிசை இல்லை. வரிசை இல்லாததால் விடிகாலையில் யாரும் வெளியே வருவதில்லை. ஊர் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியது. எழுந்ததும் அவரவர் வேலை. இது பழுது இல்லை, குற்றம் இல்லை, உதவி கேட்க வேண்டிய நிலையும் இல்லை. ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அவள் நாற்பத்தாறைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த ஊரைத் திறந்தாள்.

அடுத்த ஆடி மாதத்தில் கணினி ஒரு முரண்பாட்டை எழுதி அனுப்பியது. ஊத்துமேட்டில் ஒரு வீட்டுக்குப் பத்தொன்பது நாளாகச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அதே வீட்டில் பட்டை கட்டியவரின் நிறைவு போன முறை நாற்பத்தாறு, இந்த முறை அது தொண்ணூறுக்கு ஏறியிருக்கிறது. இரண்டில் ஒரு கருவி பழுது. நேரில் பார்க்கவும்.

நஸ்ரின் காலை ஏழரைக்கு வந்தாள். ஷர்மிளா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"குழாயில தண்ணி வரலன்னு வந்திருக்கு அம்மா."

"வரல" என்றார் ஷர்மிளா நிதானமாக.

நஸ்ரின் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தாள். குழாய்க்கும் மீட்டருக்கும் நடுவில் இருந்த வால்வு மூடியிருந்தது. கையால் அசைத்தாள். அசையவில்லை. நன்றாக இறுக்கி மூடியிருந்தது. திரும்பி வந்தபோது ஷர்மிளா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சும்மா இரும்மா. அவரு தண்ணி எடுக்கப் போயிருக்காரு."

"எங்க?"

"எங்கயாவது. நேத்து தமிழினி வீட்டுல. அதுக்கு முந்தி நாள் ரித்திஷ் வீட்டுல. குழந்தை பொறந்திருக்குல்ல, அதைப் பார்த்துட்டு வர ரெண்டு மணி நேரம். ஒரு குடம் தண்ணிக்கு." அவர் ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தார். "நம்ம வீட்டுல குழாய் பழுது, ஆள் வர நாளாகும்னு சொல்லி வெச்சிருக்கேன். பாவம், நம்பிட்டாரு. இந்த வயசுல என் முழங்காலை வெச்சுக்கிட்டு நான் வேற என்ன பண்றது?"

"எத்தனை நாளைக்கு அம்மா இப்படி?"

"உங்க பட்டை என்ன சொல்லுது?"

"தொண்ணூறு."

"அப்ப இருக்கட்டும்."

தெருமுனையில் லோகேஷ் குடத்தோடு வந்தார். வழியில் மூன்று வாசல்களில் நின்றார். தன் வாசலுக்கு வந்து நஸ்ரினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஷர்மிளா காபி போட உள்ளே போனார்.

லோகேஷ் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். கொல்லைப் பக்கம் ஒரு பார்வை, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை.

"வால்வைப் பார்த்தீங்களா?" என்றார் மெல்லிய குரலில்.

நஸ்ரின் தலையசைத்தாள்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கம்மா. முதல் நாள் பாதிதான் மூடியிருந்தா, கை வலி வேற அவளுக்கு. தண்ணி சொட்டுச் சொட்டா வந்துக்கிட்டே இருந்துச்சு." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "மிச்சத்தை நான்தான் திருகி மூடினேன்."